நம்பினார்களா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாலை நடையைத் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்து நிம்மதி அடைந்தேன். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இனிப் படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, நீ அனுப்பியிருந்த கிரேக்கத் தொன்மக் கதைகளை எடுத்துவிட்டேன்.

வடிவியலையும் மருத்துவத்தையும் வளர்த்த மக்கள், தந்தையை ஊனப்படுத்தித் தன் பிள்ளைகளை விழுங்கிய தெய்வம் குரோனஸின் கதையை எப்படி நம்பினார்கள் என்று கேட்டிருந்தாய். கிரேக்கர்களுக்கே அந்த உறுத்தல் இருந்தது. மனிதரிடம் இழிவெனக் கருதப்படும் திருட்டையும் பிறன்மனை விழைவையும் வஞ்சகத்தையும் கவிஞர்கள் ஹோமரும் ஹீசியடும் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பிறந்த சிந்தனையாளர் செனோஃபனிஸ் கடிந்துகொண்டார். குரோனஸின் கதை உண்மையாகவே இருந்தாலும் அதை இளையோரிடம் சொல்லக் கூடாது என்றார் பிளேட்டோ. ஆயினும் பலிகளும் விழாக்களும் நிற்கவில்லை. ஏனெனில் அந்தச் சமயத்துக்கு ஒற்றைப் புனித நூலும் இல்லை, இதுவே சரியான பாடம் என்று முத்திரையிடும் குருபீடமும் இல்லை. ஆகவே ஒரு கதையை எந்த ஊரார், எந்தக் காலத்தில், எந்தத் தேவைக்காகச் சொன்னார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினால்தான் தொன்மம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஏதென்ஸின் ஒலிவ மரத்தை எடுத்துக்கொள். நகரம் யாருக்கு உரியது என்ற போட்டியில் கடல்தெய்வம் பொசைடன் சூலத்தால் பாறையைக் குத்தி உப்பு நீரை வரவழைத்தான். பெண்தெய்வம் அதீனா ஒலிவ மரத்தை முளைக்கச் செய்து வென்றாள். ஏதென்ஸின் தலபுராணம் என்றே இதைச் சொல்லலாம். கி.மு. 480இல் பாரசீகப் படை ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸைக் கொளுத்தியபோது அந்த மரமும் கோயிலோடு எரிந்தது. மறுநாள் பலியிடச் சென்றவர்கள், கருகிய அடிமரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தளிர் விட்டிருந்ததைக் கண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஒரே இரவில் தளிர் ஒரு முழம் வளருமா என்று ஆராய்வதைவிட, ஊரை இழந்து திரும்பி வந்தவர்கள் அந்தச் செய்தியை எப்படிப் பற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார். அதே போட்டியைத்தான் பின்னர் அதீனாவின் கோயிலான பார்த்தெனானின் மேற்கு முகப்பில் சிலைகளாக நிறுத்தினார்கள்.

அதிகாரத்துக்கும் தொன்மம் பயன்பட்டது என்பதை மறுக்க முடியாது. கி.மு. 475ஐ ஒட்டி ஸ்கைரோஸ் தீவைக் கைப்பற்றிய தளபதி கிமோன், அங்கே கிடைத்த ஒரு பேருடலின் எலும்புகளை, ஏதென்ஸின் தொன்ம வீரன் தீசியஸின் எலும்புகள் என்று ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தபோது மக்கள் ஊர்வலமாக எதிர்கொண்டார்கள். வீரனின் எலும்புகள் ஊர் திரும்பின. தீவிலும் ஏதென்ஸ் குடியேறிகள் அமர்ந்தார்கள்.

ஆனால் எல்லாமே அரசியல் சூழ்ச்சி என்று முடிவு கட்டுவோரோடு நான் உடன்படவில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த சான்று நாடகாசிரியர் ஈஸ்கிலஸ். ஹோமரின் ஒடிசியில், தந்தையின் கொலைக்குப் பழிவாங்கிய ஓரெஸ்டிஸ் புகழத்தக்க மகன். அங்கே அவனைத் துரத்தும், கொலைக்குப் பழிவாங்கும் பெண்தெய்வங்களான எரின்யிகளும் இல்லை, வழக்கும் இல்லை. கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அதே கதையை மேடையேற்றியபோது, தந்தையைக் கொன்ற தாயைக் கொன்றுவிட்ட ஓரெஸ்டிஸ் ஏதென்ஸுக்கு ஓடிவந்து, அரியோபாகஸ் குன்றில் அதீனா நிறுவிய நீதிமன்றத்தின் முன் நிற்கிறான். அந்த மன்றத்தில் முதலில் விசாரிக்கப்பட்டவன் போர்த்தெய்வம் ஏரிஸ் என்று வேறொரு மரபு சொல்கிறது. குன்றின் பெயரும் அவனுடையதே. ஈஸ்கிலஸோ ஓரெஸ்டிஸின் வழக்கையே முதல் வழக்காக்கினார்.

காரணம் அருகிலேயே இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் எஃபியால்ட்டிஸ் என்ற தலைவர் அரியோபாகஸின் அதிகாரங்களைப் பறித்து, முதன்மையாகக் கொலை வழக்குகளை மட்டும் அதற்கு விட்டுவைத்தார். விரைவில் அவரும் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் பகை மூண்டுவிடுமோ என்ற அச்சத்தோடு அக்ரோபொலிஸின் சரிவில் நாடகம் பார்க்க அமர்ந்திருந்த மக்களுக்கு, சற்றுத் தொலைவில் இருந்த குன்றின் கதைதான் காட்டப்பட்டது. வாக்குகள் சமமாகி ஓரெஸ்டிஸ் விடுதலை பெறுகிறான். சினந்து நிற்கும் எரின்யிகளை அதீனா விரட்டவில்லை. பேசிப் பேசி இணங்க வைத்து, நகரின் மண்ணுக்கு அடியில் உறைவிடமும் மரியாதையும் தருகிறாள். அச்சத்தை ஊரைவிட்டு முற்றிலும் துரத்திவிடாதீர்கள் என்றும் குடிமக்களிடம் சொல்கிறாள். சீர்திருத்தத்தை ஈஸ்கிலஸ் ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பிளவுபட்டுக் கிடந்த ஊருக்கு, தோற்ற தரப்பையும் வீட்டுக்குள் அழைத்து அமர்த்தும் வழியை எண்ணிப் பார்க்க வேறு எந்த மொழி இருந்தது, சுந்தரம்? அந்தக் காட்சியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தை மாதம் நீ இங்கு வரும்போது அந்த நாடகத்தை இருவருமாக உரக்கப் படிப்போம். எரின்யிகளின் பகுதியை நீ எடுத்துக்கொள்; உன் குரலுக்கு அதுதான் பொருந்தும்.

அன்புடன்,
ராகவன்