அப்பத்தா எடுத்து வைத்த இழை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த செட்டிநாட்டு வீடுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுவர்ப்பூச்சு எல்லாம் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள், படங்களும் அழகு. ஆனால் ஆண்கள் கடல் தாண்டிச் சம்பாதித்துக் கட்டினார்கள் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. அவர்கள் அங்கே இருந்த காலமெல்லாம் இங்கே வீட்டை வைத்திருந்தது யார் என்று ஒரு வரிகூட இல்லையே என்று எனக்கு வருத்தம். அதனால் என் அப்பத்தாவைப் பற்றி எழுதுகிறேன்.

1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது கால்நடையாகவே ஊர் திரும்பியவர்களில் அப்பத்தாவின் மாமனாரும் ஒருவர். அதற்குச் சில வருஷம் கழித்துத்தான் நாட்டரசன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அப்பத்தா மருமகளாக வந்தார். ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், மலேயாவுக்குக் கொண்டுவிக்க, தொழில் செய்யப் போனார், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார். நெல் அளப்பது, மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, மூன்று பெண்களுக்கும் சாமான் சேர்ப்பது, பங்காளிகளைக் கூட்டி முன்னோருக்குச் செய்யும் படைப்பை முறை தவறாமல் நடத்துவது எல்லாமே அப்பத்தா தலையில்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர், ஆனாலும் மொய் ஏட்டைத் தன் கையாலேயே எழுதினார். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் ஏட்டைப் புரட்டி, “அவுக நமக்குச் செஞ்சது எம்புட்டுன்னு பாரு, அதுல கொறையக் கூடாது” என்பார். தெருவில் பூக்கட்டும் அம்மாளின் மகள் கல்யாணத்துக்கு எந்த ஏட்டையும் பார்க்கவில்லை. தனக்குச் சீராக வந்த மங்குச் சாமானில் பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டார். மதியத்தில் வளவுத் தாழ்வாரத்தில், நடு முற்றத்தை ஒட்டி உட்கார்ந்து ஓலைக் கொட்டான் முடைவார், அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள், பாதி ஊர்ப் பஞ்சாயத்து அங்கேதான் தீர்ந்தது.

தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாயில் கண்ணாத்தாள் கோயில் முன்னால் செவ்வாய்ப் பொங்கல். வரிசை வரிசையாகப் பானைகள், கண் எரியும் புகை. எங்கெங்கோ இருக்கும் புள்ளிகள், அதாவது எங்கள் ஊர்க் குடும்பத்தார், அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். வராதவர்கள் யார் என்று அப்பத்தா கோயில் வாசலிலேயே கண்டுபிடித்து, வீடு திரும்பியதும் கடிதம் எழுதச் சொல்வார்.

ஆனால் எனக்கு அவர் முகம் என்றால் பிள்ளையார் நோன்புதான். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை. மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில், 21 இழையும் சேர்ந்த திரியை மாவுப் பிள்ளையாரில் செருகி ஏற்றி, மூத்தவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதைத்தான் இழை எடுப்பது என்போம். சின்ன வயதில் எனக்கு அந்தச் சுடர் என்றால் அவ்வளவு பயம். அப்பத்தா என் தாடையைப் பிடித்து, “பிள்ளையாரு சுடமாட்டாரு அப்பச்சி, வாயத் தொற” என்பார். பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கும் எடுத்து வைப்பார். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றால் இரண்டு இழை, ஒன்று வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு. அப்படிப் பார்த்தால் நான் பிறப்பதற்கு முன்பே எனக்கு ஓர் இழை எடுத்தவர் அவர்.

இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அங்கே அடுக்கியிருக்கும் ஜாடியும் மங்குத் தட்டும் யாரோ ஓர் அப்பத்தா வருஷக்கணக்காகச் சேர்த்தவைதானே? எங்கள் வீட்டையும் கொடுத்துவிடலாம் என்று பங்காளிகளில் சிலர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. அடுத்த முறை எங்கள் பக்கம் எழுத வந்தால் முகப்போடு நின்றுவிடாமல், தயவுசெய்து பெண்கள் புழங்கும் இரண்டாம் கட்டு வரைக்கும் வாருங்கள். 80 வயது தாண்டிய ஆச்சிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

போன வருஷம்தான் அப்பத்தா இல்லாத முதல் நோன்பு. யார் இழை கொடுப்பது என்று கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. அப்புறம் என் ஆச்சி, எங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், அவர் போய் மனையில் உட்கார்ந்தார். பெயர் பெயராகச் சொல்லி எடுத்துக்கொண்டே வந்தார், எதுவும் மறக்கவில்லை. அவர் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவளுக்கு இரண்டு கொடுத்தார்.

அன்புடன்,
நாட்டரசன்கோட்டை வாசகர்