கடன் கிடைக்கிறது, கைக்காசுதான் இடிக்கிறது

பெறுநர்: தமிழ்நாடு அரசின் பதிவுத் துறை, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். டிரைவர், மெக்கானிக், பாடி கட்டும் பட்டறையில் வெல்டர் என்று தெரிந்தவர்கள் யார் வீட்டுக்கடனுக்கு அலைந்தாலும் பேப்பர்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். அதனால் இந்தக் கணக்கு எனக்கு ஓரளவு அத்துப்படி.

சென்னை, கோவை மாதிரி இல்லை எங்கள் ஊர். இன்றைக்கும் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால், இரண்டு பேர் சம்பாதிக்கும் குடும்பம் ஒரு சின்னத் தனி வீட்டுக்கு ஆசைப்படலாம். மாதத் தவணையும் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் வாடகை என்று ஏற்கெனவே ஒரு தொகை போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் மாட்டிக்கொள்வது தவணையில் இல்லை. பத்திரம் பதிகிற அந்த ஒரு நாளில்தான்.

25 லட்சத்துக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கி மனசு வைத்து முழுசாகத் தந்தாலும், மார்ஜின், அதாவது வங்கி தராத மீதிப் பங்கு, 2.5 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது 2.25 லட்சம். இதற்கு மேல் லீகல் ஒப்பீனியன், வேல்யுவேஷன், ஈசி (வில்லங்கச் சான்று), எம்.ஓ.டி. பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைப்பதற்கான பதிவு), பத்திரம் எழுதுபவர் கூலி. 5 லட்சம் ரொக்கமாக இல்லாமல் சார்பதிவாளர் அலுவலகப் படியேற முடியாது.

அந்த 5 லட்சம் எப்படி வருகிறது? மனைவியின் நகை அடகுக்குப் போகும். ஏலச் சீட்டைத் தள்ளி எடுப்பார்கள். மீதிக்கு மச்சானிடம் கைமாற்று. வீட்டுக்கடன் தவணை தொடங்கும் அதே மாதத்தில் நகைக்கடன் வட்டியும் சீட்டுத் தவணையும் சேர்ந்து நிற்கும். போதாக்குறைக்கு, வீட்டுக்கடன் கையெழுத்தாகும் முன்பே நகைக்கடன் சிபில் கணக்கில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றில்) ஏறிவிட்டால், ‘உங்களுக்கு எலிஜிபிலிட்டி குறையுது சார்’ என்று வங்கியில் இன்னொரு 2 லட்சத்தைக் குறைப்பார்கள். அதற்கும் கைக்காசுதான்.

உதவித் திட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் நகர்ப்புற 2.0 திட்டம் 2024 செப்டம்பரில் இருந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, நாட்டில் எங்கும் சொந்தமாகக் கல்வீடு இருக்கக் கூடாது, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். இதற்குள் வந்தால் முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.8 லட்சம், அதுவும் ஐந்து வருடத் தவணையாகக் கடன் கணக்கில் வரவாகும். நல்ல திட்டம்தான். ஆனால் வருடத்துக்கு 36,000 என்று பின்னால் வரும் பணம் முன்னால் கேட்கிற 5 லட்சத்துக்கு எப்படி உதவும்? மத்திய அரசு ஐந்து வருடத்தில் கொடுப்பதைவிட அதிகமாக, 2.25 லட்சத்தை, மாநில அரசு ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறது.

சலுகை கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். ஆமாம், 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும். 10 லட்சத்துக்குக் குடிபோகிற மாதிரி ஒரு வீட்டை இந்த ஊரில் நீங்களே காட்டிவிட்டால் நான் இந்த மடலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்படியே கிடைத்தாலும் மிச்சம் 10,000 ரூபாய். மகாராஷ்டிரத்தில் பெண் பெயரில் வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையில் 1 சதவீதம் குறைக்கிறார்கள், 10 லட்சம் என்ற கோடு போடாமல்.

அடுத்தது அடுக்குமாடிச் சலுகை. புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனை 50 லட்சத்துக்குள் என்றால், 2023 டிசம்பர் முதல் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம்தான். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அடுக்குமாடி யார் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் பெருநகரத்துக்காரர்கள். எங்களைப் போன்ற ஊர்களில் தனி வீடுதான் வழக்கம், அதற்கு 9 சதவீதம். சென்னையில் 37.5 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்குபவரும் நாமக்கல்லில் 25 லட்சத்துக்குத் தனி வீடு வாங்குபவரும் அரசுக்குக் கட்டுவது ஒரே தொகை: 2.25 லட்சம். இது யாருக்கும் உறுத்தவில்லையா?

மனை வாங்கிக் கட்டிக்கொண்டால் மனைக்கு மட்டும்தானே பத்திரச் செலவு என்று ஒருவர் என்னிடமே கேட்டார். சரிதான். ஆனால் கட்டி முடிக்கும் வரை வாடகையும் கொடுத்து வட்டியும் கட்ட வேண்டும். மாதத்தில் பாதி நாள் குஜராத் லோடில் இருக்கும் டிரைவர் கொத்தனாரை எப்படி மேய்ப்பார்? அவர் கட்டிய வீட்டைத்தான் தேடுவார்.

இன்னொன்றும் நடக்கிறது, உங்களுக்குத் தெரியாதது இல்லை. 9 சதவீதத்துக்குப் பயந்து, ‘பத்திரத்துல கைடுலைன் வேல்யூ மட்டும் போட்டுக்கலாம், மீதியக் கையில கொடுத்துடுங்க’ என்று பேச்சு வரும். கைடுலைன் வேல்யூ என்பது பத்திரப் பதிவுக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. பத்திரத்தில் தொகை குறைந்தால் வங்கிக் கடனும் குறையும். வித்தியாசம் முழுக்க ரொக்கம். விற்பவருக்கு வசதி, அரசுக்கு நஷ்டம், முதல் வீடு வாங்குபவருக்கு இன்னும் இரண்டு சவரன் அடகு.

2023-இல் பதிவுக் கட்டணத்தை 4-இலிருந்து 2 ஆக்கினீர்கள். அதே கையோடு வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்கு ஏற்றினீர்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்தாகிவிட்டது. இந்த முறை அப்படிச் செய்யாதீர்கள்.

கிராமத்துக்கு நீங்களே வேறு மாதிரி யோசித்திருக்கிறீர்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம், கட்டக் கட்ட, பணம் தேவைப்படும் நேரத்திலேயே வருகிறது. குடிசையில் இருப்பவருக்கான திட்டம் அது, அதைப் பங்கு கேட்கவில்லை. பணம் வரும் நேரத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுக்குமாடிக்குத் தந்த அதே 6 சதவீதத்தை, 35 லட்சத்துக்கு உட்பட்ட தனி வீட்டுக்கும், முதல் வீடு வாங்குபவருக்கு மட்டும் தாருங்கள். 25 லட்சம் வீட்டில் 75,000 மிச்சமாகும். முதல் வீடுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கோப்பில் எழுதிவிடாதீர்கள். வீட்டு மானியத்துக்கு ஆதாரை வைத்து அதைத்தான் சரிபார்க்கிறார்கள், அந்த ஒப்புதலையே எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவருக்கு 3 லட்சம் பவுண்டு வரை முத்திரைத் தீர்வையே இல்லை. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. பெண்களுக்கான 10 லட்சம் வரம்பையும் அதே 35-க்கு உயர்த்துங்கள்.

கூடவே ரிசர்வ் வங்கியிடம் உங்கள் சார்பில் ஒன்று பேச வேண்டும். வீட்டு விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் பத்திரச் செலவையும் சேர்த்துக் கடன் கணக்கிடலாம் என்று 2015-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த வரம்பை 35 லட்சமாக்கச் சொல்லி மாநில அரசு ஒரு கடிதம் எழுதலாம். அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
புக்கிங் ஆபீஸ் கணக்கர் ஒருவர்,
நாமக்கல்