கேப்டன் நிலம் வாங்கப் போகிறான்

கிருஷ்ணகிரி
ஆனி கடைசி ஞாயிறு

அன்புள்ள செட்டருக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாக உன் தம்பி சொன்னான், சந்தோஷம். கடிதம் போடவில்லை என்று திட்டுவாய், திட்டிக்கொள், நீ மட்டும் என்ன எழுதிக் கிழித்தாய்? காலையில் ரோஜாப்பூ படம் அனுப்புவதெல்லாம் கடிதக் கணக்கில் சேராது. தோத்தாபுரி மாம்பழ சீசன் முடியப் போகிறது, கூழ் ஃபேக்டரி கொடுத்த விலையைச் சொல்லி மாமனார் புலம்பாத நாள் இல்லை. சரி, அது கிடக்கட்டும்.

விஷயம் நம்ம பழைய வாலிபால் டீம் கேப்டனைப் பற்றி. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து நாமக்கல் கதையை ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் ரெண்டு பேரும் சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் உட்கார்ந்து அடிக்கிறேன். முழுசாகப் படி.

அவன் நேவியை விட்டு வந்தது உனக்குத் தெரியும். ஷார்ட் சர்வீஸில் போனவன், பத்து வருஷம், அப்புறம் நீட்டிப்பு நாலு வருஷம், அதோடு முடிந்தது. பென்ஷன் கிடையாது. ஆபீசர்களுக்கு 20 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன், இவன் கையில் வந்தது கிராஜுவிட்டியும் சேமிப்பும்தான். ஊரில் எல்லாரும் மிலிட்டரிக்காரன், மாசம் பிறந்தால் பணம் வந்து விழும் என்று நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் நன்கொடை நோட்டை முதலில் அவனிடம்தான் நீட்டுகிறார்கள். கமாண்டராக இறங்கியவனை நாம் இன்னும் கேப்டன் என்று கூப்பிட்டு, சும்மா இருக்கிறவனுக்கு ஒரு படி பதவி உயர்வு வேறு கொடுத்து வைத்திருக்கிறோம்.

வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தான். சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்து பசங்களுக்கு ஸ்மாஷ் சொல்லிக்கொடுத்தான், இன்னும் அந்தக் கை அப்படியே இருக்கிறது, நெட்டுக்கு மேலே எழும்பும்போது மட்டும் முட்டி ஒரு நிமிஷம் யோசிக்கிறது. ஏழிமலைக் கடற்படை அகாடமிப் பயிற்சியைப் பற்றி, ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை மிடில் வாட்ச் நின்றதைப் பற்றி, 2020 ஜூனில் கொழும்பிலிருந்து நம்ம ஆட்களை ஏற்றிக்கொண்டு கடற்படைக் கப்பல் ஜலஷ்வா தூத்துக்குடிக்கு வந்ததைப் பற்றி எல்லாம் மணிக்கணக்கில் பேசினான். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் சரக்குப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கூப்பிட்டார்கள், நல்ல சம்பளம். போய் ஒரு தடவை பேசிவிட்டு வந்தவன், இனி ஒருத்தனுக்குக் கீழே நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம்தான் இந்த ரியல் எஸ்டேட் பேச்சு.

உனக்கு ரோஜர் ஸ்டாபாக் என்று ஒரு ஆளைத் தெரியுமா? எனக்கும் தெரியாது, இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அவ்வளவு தடவை கேட்டாகிவிட்டது. அமெரிக்கக் கடற்படை அகாடமியில் படித்தவன், அங்கே கால்பந்து என்கிறார்களே, கையால் விளையாடுவது, அதில் பெரிய ஆட்டக்காரன். 1963-ல் ஹெய்ஸ்மன் கோப்பை, அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அதற்கு மேல் ஒன்று கிடையாது. படிப்பு முடிந்ததும் நேவியில் நாலு வருஷம், அதில் ஒரு வருஷம் வியட்நாமில் சப்ளை ஆபீசர். 1969-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் டீமில் சேரும்போது வயசு 27. ரெண்டு சூப்பர் பவுல் ஜெயித்தான். 1977-ல் சொந்தமாக ரியல் எஸ்டேட் கம்பெனி ஆரம்பித்தான், 2008-ல் அதை 61 கோடி டாலருக்கு மேல் விற்றான். கேப்டன் இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து டேவிட் ராபின்சன், கூடைப்பந்துக்காரன், அவனும் அதே அகாடமிதான், பட்டப்பெயரே அட்மிரல், ஆட்டம் முடிந்ததும் அவனும் கட்டட முதலீட்டுக் கம்பெனி. 'பார்த்தியாடா, கிரவுண்ட், நேவி, நிலம், எல்லாம் ஒரே ரூட்' என்கிறான்.

நான் சும்மா விடுவேனா, அந்த ஸ்டாபாக்கைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். கேப்டன் சொல்லாமல் விட்ட பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த ஆள் கம்பெனி தொடங்குவதற்கு முன்னால், ஆட்டம் இல்லாத மாதங்களில் வருஷக்கணக்காக டல்லாஸில் வேறொருத்தர் கம்பெனியில் வேலை பார்த்துத் தொழில் கற்றிருக்கிறான். பேர் பெற்ற விளையாட்டு வீரன், ஊரே கையெழுத்து வாங்குகிறது, அவன் போய் இன்னொருத்தருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். சொந்தக் கம்பெனி ஆரம்பித்த பிறகும் அவனுடைய முக்கியமான தொழில், வாடகைக்கு ஆபீஸ் தேடும் கம்பெனிகளின் பக்கம் நின்று கட்டட முதலாளியிடம் பேசி முடித்துக்கொடுப்பது. கமிஷன் தொழில். கைக்காசையெல்லாம் ஒரே துண்டு நிலத்தில் போட்டுவிட்டு விலை ஏறும் ஏறும் என்று பார்த்துக்கொண்டு உட்காரவில்லை.

நம்ம ஆள் செய்யப்போவது அதைத்தான். சூளகிரிப் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு. புரோக்கர் ஒருத்தர் தினமும் வீட்டுக்கு வந்து சார் சார் என்று குழைகிறார். 2024 ஜூனில் சட்டசபையில் ஓசூர் விமான நிலையம் அறிவித்தார்கள் இல்லையா, 2,000 ஏக்கர், வருஷத்துக்கு மூணு கோடிப் பயணிகள், அதிலிருந்து இந்தப் பக்கம் ஆட்டுப்பட்டிக்குக்கூட ஒரு விலை சொல்கிறார்கள். பெங்களூர் விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று வரக்கூடாது என்று இருப்பதை எந்தப் புரோக்கரும் சொல்வதில்லை. நான் சொன்னேன். 'அதெல்லாம் டெல்லியில் பேசி முடித்துவிடுவார்கள் சார்' என்றார் புரோக்கர், ஏதோ அவர்தான் போய்ப் பேசப் போகிற மாதிரி.

தோப்புக்கு என்னையும் கூட்டிப் போனான். அதை உனக்குச் சொல்லியாக வேண்டும். உள்ளே இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்போரமாகப் பெரிய பெரிய எட்டு வைத்து நடந்து அளந்தான், அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போது அளப்பானே, அதே நடை. திரும்பி வந்து மொபைலில் ஏதோ தட்டிவிட்டு, 'டேய், இதில் நூறு வாலிபால் கோர்ட் போடலாம்டா' என்றான். பதினெட்டுக்கு ஒன்பது மீட்டர் வீதம் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. நேவியை விட்டு வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு வாயைத் திறக்கவே மனசு வரவில்லை. அங்கே நின்றிருந்தால் உனக்கும் வந்திருக்காது.

ஆனால் வீட்டுக்கு வந்து நோட்டைக் காட்டினான் பார், அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. நாலு ஏக்கர், 1,74,240 சதுர அடி. அதை அப்படியே சதுர அடி விலையால் பெருக்கி அடியில் ரெண்டு கோடு போட்டு வைத்திருக்கிறான். ரோடு எங்கேடா என்றேன். முழித்தான். 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனாலே பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும், ரோட்டையெல்லாம் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும், இதெல்லாம் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையை விட்டுப் போகும். அப்புறம் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு. வாங்கும்போதே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் போகிறது. புரோக்கரோ, 'அப்ரூவல் எல்லாம் எதுக்கு சார், சென்ட் சென்டாகப் பிரித்து விவசாய நிலம் என்றே எழுதிவிடலாம்' என்கிறார். 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் கிரயமான மனைகளைத்தான் வரன்முறை என்று பிறகு சரிப்படுத்திக்கொள்ள முடியும், அதற்குப் பிறகு வந்த அப்ரூவல் இல்லாத மனையைப் பத்திரம் போட முடியாமல் எத்தனை பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து அழுதிருக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

இது போதாது என்று பேப்பர்களையும் வாங்கிப் பார்த்தேன். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, அதை லேமினேஷன் பண்ணி வைத்திருக்கிறான் மகராசன். வில்லங்கத்தில் பதிவானது மட்டும்தான் வரும், பதிவாகாதது வராது என்று எத்தனை தடவை சொல்வது? 2008-ல் அண்ணன் தம்பி மூணு பேரும் பாகப்பிரிவினை பண்ணியிருக்கிறார்கள், பூர்வீகச் சொத்து. பத்திரத்தில் பெண் பிள்ளைகள் பேரே இல்லை. விசாரித்தால் ரெண்டு அக்கா இருக்கிறார்கள், ஒருத்தர் மாலூரில், ஒருத்தர் இங்கே பர்கூரிலேயே. 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அவர்களுக்கும் சம பங்கு. பங்கு வேண்டாம் என்று அவர்கள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன், 'அவங்க எல்லாம் கேட்க மாட்டாங்க சார், தங்கமான மனுசங்க' என்றார் புரோக்கர். இந்த விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு தங்கமான மனுசங்கதான் முதலில் வக்கீலைப் பார்க்கிறார்கள். புல வரைபடத்தைப் பார்த்தால் தார் ரோட்டுக்கும் தோப்புக்கும் நடுவில் ஓடைப் புறம்போக்கு ஓடுகிறது. அதாவது இவனுக்கு ரோட்டு முகப்பே கிடையாது. கடல் வரைபடம் இல்லாமல் துறைமுகத்தை விட்டு நகராதவன், சர்வேயரைக் கூப்பிட்டு ஒரு கல்லைக்கூடப் பார்க்காமல் நாலு ஏக்கர் வாங்கக் கிளம்பியிருக்கிறான்.

சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். 'நீ பத்திரம் எழுதுகிறவன், உனக்கு எதைப் பார்த்தாலும் வழக்காகத்தான் தெரியும்' என்று தோளில் தட்டிவிட்டு டீ வாங்கிக்கொடுத்தான். அவன் வீட்டில் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை, டம்ளரை எடுக்க வந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் ரெண்டு பிள்ளைகள் படிப்பும் இருக்கிறது.

அவன் நிலத் தொழிலே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்யட்டும், அவனுக்கு வரும். ஆளைப் பேசவைக்கத் தெரியும், சொன்ன நேரத்துக்கு வருவான், பொய் சொல்ல மாட்டான், இந்த மூணும் உள்ள ஒரு ஆளை இங்கே ரியல் எஸ்டேட்டில் நான் இன்னும் பார்க்கவில்லை. ஓசூரில் வேலைக்கு வருகிற குடும்பங்களுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் வீடு, குடோன் தேடிப் பேசி முடித்துக்கொடுக்கட்டும், ரெண்டு வருஷம் கமிஷனில் ஓட்டட்டும். பேப்பர் பார்க்க நான் இருக்கிறேன், ஒரு பைசா வாங்க மாட்டேன். அவனுடைய ஸ்டாபாக் செய்ததும் அதுதானே? அப்புறம் கையில் உள்ளதில் ஒரு பகுதியை எடுத்து, அப்ரூவல் ஆன மனை ஒன்றோ ரெண்டோ வாங்கிப் பார்க்கட்டும்.

ஆடியில் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள், கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன். புரோக்கர் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார், ஆடிப்பெருக்கு அன்றைக்கு டோக்கன் போட்டுக் கிரய ஒப்பந்தம் எழுதிவிடலாமாம். அட்வான்ஸ் 25 லட்சம். அதனால் அதற்கு முன்னால் நீ பேச வேண்டும். உன் பேச்சை அவன் கேட்பான், கிரவுண்டிலேயே நீ கை காட்டிய இடத்துக்குத்தானே எழும்புவான். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே. ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் புரோக்கர் கூடவே இருப்பார். நிலத்தைப் பற்றி எடுத்தவுடன் பேசாதே. ஸ்டாபாக் கதையைக் கேள், ஆசையாகச் சொல்வான், சொல்லி முடித்ததும் கம்பெனிக்கு முன்னால் அந்த ஆள் என்ன பண்ணினான் என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேள். அப்புறம் அக்காக்கள் கையெழுத்தைப் பற்றிக் கேள். முடிந்தால் நேரிலேயே வந்துவிடு, கோவையிலிருந்து சேலம் வந்து மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருப்பாய், களியும் கீரைக் கடைசலும் போடச் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் புதுப்புளி ரெண்டு கிலோ பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன், கொட்டை எடுத்தது. பார்சல் ஆபீசில் உன் நம்பர்தான் கொடுத்திருக்கிறேன், போன் வந்தால் தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதே.

இப்படிக்கு,
உன் லிபரோ