குத்துச்சண்டை ரசிகர் மன்றத்தின் 2025-ஆம் ஆண்டறிக்கை: யாருடைய குத்து பெரியது?

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கோத்தகிரி, கேத்தி, அருவங்காடு பக்கமிருந்து இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் அஞ்சலி. 2025 மார்ச் 21-ஆம் தேதி முன்னாள் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன் தமது 76-ஆவது வயதில் காலமானார். அடுத்து வந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். ஆண்டு முழுக்க நம் மன்றத்தில் நடந்த விவாதம் அன்று இரவே தொடங்கிவிட்டது: மிகக் கனமான எடைப் பிரிவான ஹெவிவெயிட் வரலாற்றிலேயே கடுமையான குத்து யாருடையது?

நிர்வாக விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை நாட்களில் மலைப்பாதையை நம்ப முடியாததால் சில கூட்டங்கள் தள்ளிப்போயின. பெட்ஃபோர்டில் நாம் எடுத்திருக்கும் அறையின் கூரை ஒழுகல் சரிசெய்யப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி விவாதம். இளைஞர்கள் எல்லோரும் மைக் டைசன் கட்சி. அவர்கள் வாதத்தில் வலு இருந்தது. 20 வயதில் அப்போதைய சாம்பியன் பெர்பிக்கை இரண்டாம் ரவுண்டில் வீழ்த்திப் பட்டம் வென்றவர். அதுவரை தோல்வியே அறியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 1988-ல் 91 விநாடியில் முடித்தவர். 50 வெற்றிகளில் 44 நாக்-அவுட், அதாவது எதிராளியால் தொடர முடியாமல் முடிந்தவை. கேத்தியிலிருந்து வரும் மூத்த உறுப்பினர் 1950-களின் சாம்பியன் ராக்கி மார்சியானோவை விட்டுக்கொடுக்கவில்லை. 49 போட்டி, தோல்வி இல்லை, 43 நாக்-அவுட். 1952-ல் சாம்பியன் வால்காட்டுடன் மோதியபோது பாயிண்டில் பின்தங்கி, 13-ஆவது ரவுண்டில் ஒரே வலதுகைக் குத்தில் பட்டத்தைப் பறித்தார். அவர் எடை சுமார் 84 கிலோதான். இன்று இருந்தால் ஹெவிவெயிட்டுக்குக் கீழே குரூசர்வெயிட்டில் அல்லவா நிறுத்துவார்கள் என்று ஒருவர் கேட்க, அதனால்தான் அவர் பெரியவர் என்று பதில் வந்தது. ஜோ லூயிஸ் 1938-ல் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்ததையும், சோனி லிஸ்டன் பாட்டர்சனை இரண்டு முறை முதல் ரவுண்டிலேயே சாய்த்ததையும் பேசினோம். டியான்டே வைல்டருக்கு ஆதரவு குறைவு. 2018-ல் 12-ஆவது ரவுண்டில் அவர் குத்தில் மல்லாந்து விழுந்த ஃபியூரி எழுந்து நின்றுவிட்டாரே!

ஜூன் கூட்டத்தில் ஆசிரியராக இருக்கும் நம் உறுப்பினர் ஓர் ஆய்வை விளக்கினார். 1985-ல் இங்கிலாந்தில் அந்நாட்டு ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். முட்டி விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வந்து மோதியது. உச்ச விசை 4096 நியூட்டன். அந்தப் புரூனோவை டைசன் 1989-லும் 1996-லும் தொடர முடியாதபடி அடித்துப் போட்டியை நிறுத்திவிட்டார், அப்படியானால் டைசனின் குத்து எவ்வளவு இருக்கும் என்று இளைஞர்கள் துள்ளினார்கள். புரூனோ குத்து வாங்கித் தோற்றுப்போனது புரூனோவுடைய சொந்தக் குத்தின் வலுவைப் பற்றி எதையும் சொல்லாது என்பதை அவர்களுக்குப் புரியவைக்கச் சற்று நேரமானது. அப்புறம் பயிற்சியாளர் எழுந்து, குத்து பிறப்பது காலில் என்று செய்தே காட்டினார். மண்டியில் கேரட் மூட்டை ஏற்றுபவர் கையை மட்டும் நம்பித் தூக்குவதில்லை, பாதத்தை ஊன்றி இடுப்பைத் திருப்புகிறார், குத்தும் அப்படித்தான் என்றார். தாடையில் படும்போது தலை சட்டென்று சுழல்வதால்தான் நினைவு தப்புகிறது. ஆகவே விசை மட்டும் போதாது; எங்கே படுகிறது, வாங்குபவர் அதைப் பார்த்தாரா என்பதும் சேர வேண்டும்.

கருவிக் கணக்கும் நாக்-அவுட் எண்ணிக்கையும் தீர்ப்புச் சொல்லாதபோது யாரைக் கேட்பது? வாங்கியவர்களைத்தான். இதை நான் கூட்டத்தில் வற்புறுத்திச் சொன்னேன், இங்கும் பதிவு செய்கிறேன். ஒரே ஆள் இரண்டு மூன்று பெரிய குத்துக்காரர்களோடு மோதியிருந்தால் அவர் சாட்சிதான் சாட்சி.

உலகச் சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸை எடுத்துக்கொள்வோம். 1979-ல் ஏழாம் ரவுண்டில் அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் எர்னி ஷேவர்ஸின் வலதுகைக் குத்தில் விழுந்தார், எழுந்தார், 11-ஆம் ரவுண்டில் ஷேவர்ஸை நிறுத்தினார். 1988-ல் டைசனிடம் நான்காம் ரவுண்டில் விழுந்து எழ முடியவில்லை. பார்த்தீர்களா என்றது டைசன் கட்சி. ஆனால் அப்போது ஹோம்ஸுக்கு 38 வயது, ஏறக்குறைய இரண்டு வருடம் ரிங்கில் இறங்காதவர். பின்னாளில் கேட்டவர்களிடம், ஷேவர்ஸின் குத்தே பெரிது என்றுதான் அவர் சொன்னார். லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மேன் எல்லோரிடமும் வாங்கிய முகமது அலியும் ஷேவர்ஸ் பெயரைத்தான் சொன்னார். கென் நார்ட்டனை முடிக்க ஃபோர்மேனுக்கு இரண்டு ரவுண்டு தேவைப்பட்டது. ஷேவர்ஸுக்கு முதல் ரவுண்டே போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு மகிழ்ச்சியான செய்தி. 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டியில் இறங்கியபோது எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அந்த எல்லிஸைத்தான் 1973-ல் ஷேவர்ஸ் முதல் ரவுண்டில் வீழ்த்தினார். அன்று மேட்டுப்பாளையம் இறங்கி ரயில் பிடித்துப்போய் அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் நம் மன்றத்தில் இருக்கிறார். ஷேவர்ஸின் குத்தை வாங்கிய இருவரை ஒரே ரிங்கில் பார்த்திருக்கிறோம் என்பது அவருக்கே இந்த ஆண்டுதான் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கை தூக்கச் சொன்னபோது ஃபோர்மேன் பக்கமே அதிகம். நியாயமான முடிவுதான். 1973-ல் கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை தரையில் தள்ளியவர், 1994-ல் 45 வயதில் பாயிண்டில் பின்தங்கிய நிலையில் அப்போதைய சாம்பியன் மூரரைப் பத்தாம் ரவுண்டில் சாய்த்தார். இடையே 21 ஆண்டுகள். வேகம் போனது, கால் கனத்தது, குத்து மட்டும் அப்படியே இருந்தது. மன்றத்தின் முடிவாக ஃபோர்மேன் பெயரைப் பதிவு செய்கிறேன். ஆனால் என் கை ஷேவர்ஸுக்குத்தான் உயர்ந்தது. அவருக்கு மூச்சு போதாது, நீண்ட போட்டியில் தளர்ந்துவிடுவார், உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை. ஒற்றைக் குத்து என்று மட்டும் கேட்டால் அவருக்கு மேல் ஒருவரை என்னால் வைக்க முடியவில்லை.

1977-ல் ஷேவர்ஸுடன் 15 ரவுண்டு நின்று அலி வென்றார். அந்தப் போட்டிக்குப் பிறகு, இனிச் சண்டை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காததால், அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ விலகிக்கொண்டார். 1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. இதைப் பேசிய நாளில்தான் நம் ஞாயிறு பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி எழுந்தது. வெலிங்டனில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் இதில் மிக உறுதியாக இருந்தார்கள். அதன்படி செயற்குழு பரிந்துரைப்பது: பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலையில் குத்து விழும் பயிற்சி கிடையாது, பை, பேட், கால் வேலை, கயிறு மட்டும். பெரியவர்களில் யாருக்காவது தலையில் பலமாகப் பட்டால் மருத்துவர் சொல்லும்வரை ரிங்கில் இறங்கக் கூடாது. இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தரவேண்டும் என்று பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கான விவாதத் தலைப்பு: குத்தைத் தாங்கியவர்களில் யார் பெரியவர்? ஃபிரேசியரிடமும் ஃபோர்மேனிடமும் வாங்கியும் ஒரு முறைகூடத் தரையில் விழாத கனடா வீரர் ஜார்ஜ் சுவாலோவைப் பற்றி முதல் கூட்டத்தில் நான் பேசுகிறேன். அலிக்காகப் பேச விரும்புவோர் இன்றே பெயர் கொடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்
குன்னூர்