ஃபார்வர்ட ஏன் தூக்கினேன்னு கேட்டவங்களுக்கு

மக்களே, நேத்து யூதர்கள் சதி பண்றாங்கன்னு திட்டி வந்த ஃபார்வர்ட நான்தான் டெலிட் பண்ணேன். இந்த மாதிரி கதைய நம்பின ஒருத்தன்தான் 2018 அக்டோபர் 27, அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல இருக்குற ட்ரீ ஆஃப் லைஃப்ங்கற யூத ஜெபக்கூடத்துக்குள்ள பூந்து 11 பேர சுட்டுக் கொன்னான். அந்த ஊர் யூத அமைப்பு அதுக்கு முன்னாடியே பாதுகாப்புக்குன்னு தனியா ஆள் போட்டு, யாராவது சுட வந்தா எப்படி தப்பிக்கணும்னு ட்ரெயினிங் குடுத்திருந்தாங்க, சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், மத விதிய கண்டிப்பா கடைப்பிடிக்கிறவங்க அன்னிக்கு ஃபோன் தொடமாட்டாங்க, சம்பவம் நடந்ததும் சனிக்கிழமைதான், ஆனா ட்ரெயினிங்ல சொன்னதால அங்க இருந்த ரபி (யூத மத குரு) ஃபோன கையிலயே வச்சிருந்தாரு, அதுலதான் போலீஸுக்கு அடிச்சாரு. அப்புறம் முஸ்லிம்கள் சேர்ந்து பாதிக்கப்பட்டவங்களுக்காக 2 லட்சம் டாலருக்கு மேல திரட்டிக் குடுத்தாங்க, இத மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல பாருங்க. வேற சந்தேகம்னா தனியா மெசேஜ் பண்ணுங்க, இங்க சண்ட வேணாம்.