பழைய புரொஜெக்டர் வாங்கலாமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. மெதுவாக மாடி ஏறிவிடுகிறார்.

அப்புறம், மாடி அறையில் படம் பார்க்கப் பழைய புரொஜெக்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்த ஜேவிசி எக்ஸ்35 புரொஜெக்டரைத் தாராளமாக வாங்கு. ஆனால் இருட்டறையில் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதே.

கடையில் புதிதாகக் கிடைக்கும் மலிவு எல்இடி புரொஜெக்டர்களை விட்டுவிட்டு இதைச் சொல்வதற்கு ஒரே காரணம், அதன் கறுப்பு. இரவுக் காட்சி வந்தால் மலிவுப் பெட்டிகளில் திரை முழுக்கச் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும். ஜேவிசி இந்த மாடலுக்குச் சொன்ன கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 50,000-க்கு 1. காட்சிக்குக் காட்சி ஐரிஸை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் துளையை, மூடித் திறந்து வரவழைத்த எண் இல்லை அது, படத்தை உருவாக்கும் பேனலின் சொந்தத் திறமை. பத்து வருடம் தாண்டிய பிறகும் இந்த விஷயத்தில் அதற்கு மரியாதை இருக்கிறது.

வெளிச்சம்தான் குறைவு, புதிதாக இருக்கும்போதே 1300 லூமன். உன் மாடி அறையின் மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டாக வேண்டும். கூரைக்கும் அடர்நிற பெயின்ட் அடித்துவிடு. வெள்ளைக் கூரை இருந்தால் வெளிச்சம் திரும்பித் திரையில் விழுந்து, நீ காசு கொடுத்து வாங்கிய கறுப்பைக் கெடுத்துவிடும்.

பார்க்கப் போகும்போது மெனுவில் லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார். லேம்ப் மாற்றினால் அந்த எண்ணைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள் என்பதால் அதை மட்டும் நம்பாதே. லேம்பின் ஆயுள் என்று போட்டிருப்பதே வெளிச்சம் பாதியாகும்வரை உள்ள காலத்தைத்தான். முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு, கண் பழகும்வரை உட்கார்ந்து நாலு மூலையையும் பார். ஏதாவது மூலை வெளுத்திருந்தால் யோசி. அடுத்து முழு வெள்ளை போட்டு நிறத்திட்டு இருக்கிறதா என்று பார். ஜூம், ஃபோகஸ், லென்ஸ் ஷிஃப்ட் (பெட்டியை அசைக்காமல் படத்தை நகர்த்துவது) மூன்றையும் ரிமோட்டில் கடைசிவரை ஓட்டு. மோட்டார் கரகரத்தால் வேண்டாம்.

கூடவே கேட்டிருந்தாயே, சோனி விடபிள்யூ1000இஎஸ், 2011-இல் வந்தது. உண்மையான 4கே பேனல், அருமையான லென்ஸ். ஆனால் அது வந்த காலத்தில் எச்டிசிபி 2.2 என்ற காப்பி தடுப்பு முறை கிடையாது. பிற்பாடு அப்கிரேடு செய்யாத மெஷின் என்றால் இன்றைய ஸ்ட்ரீமிங் பெட்டிகள் அதற்கு 4கே அனுப்பாது, 1080பி, அதாவது ஃபுல் எச்டிதான். அந்த விலைக்கு அது வேண்டாம். எக்ஸ்35 எப்படியும் ஃபுல் எச்டி என்பதால் உனக்கு இழப்பு இல்லை.

உங்கள் ஊர் கரண்ட்டை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. படம் ஓடும்போது கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், கொதிக்கிற லேம்ப் அப்படியே உள்ளே வேகும். முறையாக அணைத்துக் குளிரவிடும் அளவுக்காவது ஒரு யுபிஎஸ் வை.

பேரம் பேசுவதற்கு முன் அசல் லேம்ப் இப்போது கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரித்துவிடு. போலி லேம்ப் நிறைய சுற்றுகிறது. அந்த விலையைக் கழித்துவிட்டுத்தான் தொகை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவதாக இருந்தால் சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
ரவி