அப்பாயி எடுத்து வைத்த பங்கு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன வாரம் போனில் பேசும்போது, "அப்பாயி கொஞ்சம் கருமிதான்பா, ஒரு பிஸ்கட்டைக்கூட உடைத்து ஒரு துண்டை ஒளித்து வைக்கும்" என்றாய். நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தத் துண்டு யாருக்கு என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. தப்பு என்னுடையது. போனில் சொன்னால் பாதியிலேயே தொண்டை அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

அப்பாயி பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நானும் அங்கேதான். லயம் என்ற வரிசை வீடுகளில் எங்களுக்கு இருந்தது ஒரே காம்பரா, 10க்கு 12 அடி. அடுப்பு, படுக்கை, பிரசவம் எல்லாம் அதற்குள்ளேயே. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து ஆட்கள் நாடற்றவர்கள் ஆனபோது அவளுக்கு 11 வயது. அடுத்த வருடமே அரைப் பேருக்கு, அதாவது அரைச் சம்பளத்துக்கு, மலை ஏறிவிட்டாள். நாடு இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்? விடியும் முன்னால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு நிற்க வேண்டும், அப்புறம் கூடை, கொழுந்து, மழை, அட்டைக்கடி. அவள் கட்டைவிரல் நகத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு இருக்குமே, நினைவிருக்கிறதா? சின்ன வயதில் நீ அதைச் சுரண்டிப் பார்ப்பாய். அது அழுக்கில்லை அம்மா, தேயிலைக் கறை. கொழுந்து பறிப்பதை விட்டுப் பல வருடம் ஆகியும் அது போகவில்லை.

1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் என்று கணக்கெடுத்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். உனக்குப் போட்டோவில் மட்டும் தெரிந்த பெரிய அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டிலோ இலங்கைக் குடியுரிமைக்கு எழுதியிருந்தார்கள். ஆக, அப்பாயி, தாத்தா, நான், சித்தப்பா நான்கு பேரும் ஐந்தேகால் லட்சத்தில் சேர்ந்தோம். அக்கா மூன்று லட்சத்தில் நின்றுவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தைய வருடம் தோட்டங்களில் பஞ்சம். மாவு கிடைத்த அன்று அப்பாயி ஒரே ரொட்டியாகத் தட்டிச் சுடுவாள். சுட்டதைக் கத்தியால் வெட்ட மாட்டாள், நூலை வைத்து அழுத்தி அறுப்பாள். கத்தி என்றால் தூள் உதிருமாம். எங்களுக்குப் பங்கு வைத்துவிட்டு அவள் சாயத்தண்ணியை, பாலில்லாத தேநீரை, மட்டும் ஊதி ஊதிக் குடிப்பாள். அக்கா அப்போது கட்டிக்கொடுத்துப் பக்கத்து டிவிசனில் இருந்தாள், வயிற்றில் பிள்ளை. அவளுக்கும் ஒரு துண்டு முந்தானையில் முடிந்து, மலை இறங்கும் வழியில் கொடுத்துவிட்டு வருவாள். பங்கு எடுத்து வைக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது.

1975-ல் தலைமன்னாருக்கு ரயில் ஏறினோம். அழுகைக் கோச்சி என்றுதான் ஆட்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மேடை முழுக்க ஒப்பாரி. அப்பாயி மட்டும் அழவில்லை. தன் கொழுந்துக் கூடையை அக்காவிடம் கொடுத்தாள். கொடுக்கும் முன் நின்று, தலையில் மாட்டும் கயிற்றை மட்டும் அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு 9 வயது. கயிறு இல்லாத கூடையை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வாள் என்றுதான் நினைத்தேன்.

கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து பந்தலூர் பக்கம் சேரம்பாடி. எங்களைப் போல வந்தவர்களுக்காகவே அரசு உண்டாக்கிய டேன்டீ தோட்டம் அது. மறுபடியும் தேயிலை, மறுபடியும் அட்டை. யானை மட்டும் புதிது. வந்த மூன்றாம் வருடம் காய்ச்சலில் தாத்தா போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே அப்பாயி வேலைக்குப் போனாள். ஊரில் இரக்கமில்லாதவள் என்று பேசினார்கள். இரண்டு பையன்களுக்குச் சோறு வேண்டும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அக்காவின் கடிதங்களை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். 1983 ஜூலைக் கலவரத்தோடு கடிதம் நின்றது. நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் ஒவ்வொரு நாளும் சோற்றில் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டால் மூடி வைத்தாள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அவளே குடித்துவிட்டு வேலைக்குப் போவாள். கடிதம் வந்த அன்று, "உசுரோட இருக்கோம்மா" என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். அப்புறம் மூடியிருந்த தட்டைத் திறந்து, "ஒங்க அக்கா பங்கு, நீ தின்னு" என்று எனக்கு ஊட்டினாள். எனக்கு 17 வயது, மீசை அரும்பிவிட்டது. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் கப்பலும் நின்றது. பிறகு போர், பணமில்லாமை, முழங்கால் வலி. செல்போன் வந்த பிறகு இரண்டு பேரும் குரல் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். நீ பார்த்த பிஸ்கட் துண்டு, பொங்கலன்று உனக்குத் தர மறுத்த அந்த ஒரு கரும்பு, எல்லாம் அத்தைக்கு வைத்தது. நீ அழுததை அவளும் பார்த்தாள். அன்று இரவு நீ தூங்கிய பிறகு உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாயி போய் வருடாப்தம் வருகிறதே என்று அவள் தகரப் பெட்டியைத் திறந்தேன். குடும்ப அட்டை, அதில் எங்கள் நான்கு பேர் போட்டோ, அதன் மேல் சுருட்டி வைத்த கூடைக் கயிறு. நடுவில் தலை படும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கிறது.

அத்தைக்கு இப்போது 70 வயது. அந்தக் கூடை எப்போதோ இற்றுப்போயிருக்கும். பரவாயில்லை. வருடாப்தம் முடிந்ததும் நான் போகிறேன். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்தானாம். நீ டிக்கெட் போட்டுக் கொடு, லீவு கிடைத்தால் நீயும் வா. கயிற்றைத் துணியில் சுற்றித் தோள்பையில் வைத்திருக்கிறேன். விமானத்தில் கயிற்றைக் கையோடு எடுத்துப்போக விடுவார்களா என்று கேட்டுச் சொல். பெட்டியில் போட்டு அனுப்ப எனக்கு மனமில்லை.

அன்புடன்,
அப்பா